வயலில் நிற்கும் நீர் குட்டையில் நில்லாதது ஏன்?

குழி தோண்டிவிட்டால் அது குட்டையாகிவிடும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில், நம் உறுப்பினர் ஒருவரது வீட்டுப் புழக்கடையில் நேர்ந்த நட்டமே அவ்வெண்ணத்தை மாற்றியது. அங்கே கண்டதையும், பின்னர் அவரோடு கூடிச் செய்ததையும் அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொல்லிமலைக்கு மழை குறைவன்று. நாமக்கல் சமவெளியைக் காட்டிலும் அங்கு மழை மிகுதி. ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஐயாறு பிறந்து ஆகாய கங்கையாய் வீழ்வதும் அம்மலையில்தான். ஆயினும் மாசி, பங்குனி மாதங்களில் மேட்டுநிலத்து வீடுகளில் ஒரு குடம் நீருக்குப் பள்ளத்து ஊற்றை நாடிச் செல்வோர் பலர். மேட்டில் பெய்யும் மழை மேட்டில் தங்குவதில்லை.

நம் உறுப்பினர், சங்கக் கடன் பெற்று 200 மிளகுக் கொடிகளை நட்டிருந்தார். முதலிரண்டு கோடைகளில் அவற்றுக்கு நீர் ஊற்றிக் காக்க வேண்டும். அதற்கென்றே வீட்டின் பின்புறம் 26 அடி நீளமும் 20 அடி அகலமும் 5 அடி ஆழமுமாகக் குழி வெட்டினார். கார்த்திகையில் அது கரை தொட நிறைந்தது. வீட்டார் மகிழ்ந்து கெண்டைக் குஞ்சுகளும் வாங்கி விட்டனர். மழை ஓய்ந்த மறுநாளே நீர்மட்டம் 4 அங்குலம் இறங்கிற்று. பொங்கலுக்குள் அடிச்சேறு தெரிந்தது, குஞ்சுகள் மடிந்தன. பங்குனியில் கொடிகளிற் பாதி காய்ந்தன. கடன் மட்டும் காயவில்லை.

ஆழம் போதாமையே குறை என்று கருதி, மறு கோடையில் மேலும் 2 அடி தோண்டினார். அவ்வாண்டு நீர் முன்னிலும் விரைவாக வடிந்தது. ஏன் என்று அப்போது எவர்க்கும் விளங்கவில்லை.

நாம் அங்குச் சென்றிருந்தபோது அவ்வீட்டுப் பாட்டி, வறண்ட குழியின் கரையில் நின்றுகொண்டு, “ஏன் ஐயா, கீழே வயலில் இதே மழைத்தண்ணீர்தானே நிற்கிறது? அது இந்தக் குட்டையில் மட்டும் ஏன் நிற்கவில்லை?” என்று கேட்டார். நாம் உடனே விடை கூற இயலவில்லை. ஆனால் அக்கேள்விக்குள்ளேயே மருந்தும் இருந்தது.

மண்ணின் இயல்பு

கொல்லிமலையின் உச்சிப் பகுதிகளில் செம்மண்ணும், சில முடிகளில் செம்புறைக் கல்லும் பாக்சைட்டும் உள்ளன. பாக்சைட்டு என்பது அலுமினியம் உருக்கப் பயன்படும் மூலப்பொருள். பல இலட்சம் ஆண்டுகளாக மழைநீர் பாறையினூடே இறங்கி, கரையக்கூடியவற்றையெல்லாம் கழுவிச் சென்றுவிட, எஞ்சி நின்ற இரும்பும் அலுமினியமுமே இத்தகைய மண்ணுக்கு நிறமும் குணமும் தந்தன. நீர் புகுந்து கடந்து சென்றதால் உருவான மண்ணில் நீர் நில்லாதிருப்பது வியப்பன்று.

இம்மண்ணில் களி இல்லையோ எனின், உண்டு. ஈரமண்ணைக் கையில் எடுத்து உருட்டினால் புழுப்போல் திரளும். அதனை நம்பியே பலர் ஏமாறுகின்றனர். செம்மண்ணிலுள்ள களித்துகள்களை இரும்புத் துரு ஒன்றோடொன்று பிணைத்துச் சிறுசிறு குறுணைகளாக்கி வைத்திருக்கிறது. குறுணைக்கும் குறுணைக்கும் இடையே சந்து உண்டு. அச்சந்தின் வழியே நீர் ஒழுகிவிடுகிறது. மிளகுக்கும் காப்பிக்கும் பலாவுக்கும் இவ்வியல்பு நன்மையே. வேர் அழுகாமல் காப்பது இதுதான். குட்டைக்கோ இதுவே பகை.

செம்மண்ணுக்கும் கீழே உளுத்த பாறை இருக்கிறது. வெடிப்பும் பிளவும் நிறைந்த அப்பகுதி மேல்மண்ணினும் எளிதாக நீரை விட்டுவிடும். நம் உறுப்பினர் இரண்டாம் முறை தோண்டியபோது கடப்பாரை எட்டியது அந்தப் பாறையையே. ஆழப்படுத்தியதால் ஓட்டை பெரிதாயிற்று.

வயல் கற்பிக்கும் பாடம்

பள்ளத்து வயலும் மேட்டு மண் அரித்துச் சென்று சேர்ந்த இடந்தான். ஆனால் அங்கு ஒவ்வோராண்டும் நீர் கட்டி, சேற்றுழவு செய்து, பரம்படித்து, மாட்டின் குளம்பும் மனிதரின் காலும் மிதித்து மண்ணின் குறுணையை உடைத்துவிடுகின்றன. உடைந்த நுண்களி சந்துகளில் படிந்து அடைத்துக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாக இவ்வாறு செய்ததில் ஏர்முனை எட்டும் ஆழத்துக்குக் கீழே ஒரு கெட்டிப் படுகை அமைந்துவிட்டது. வயலில் நீரைத் தாங்குவது அப்படுகையே. புழக்கடைக் குழியில் அத்தகைய மிதியும் இல்லை, படுகையும் இல்லை.

நெசவாளர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். சல்லாத் துணியில் நீரை ஊற்றினால் அக்கணமே ஒழுகும். அதே நூலை நெருக்கி அடித்து நெய்த கெட்டித் துணியில் ஊற்றினால் நின்று நின்றே இறங்கும். நூல் ஒன்றே, இடைவெளியே வேறு. பாவுக்குக் கஞ்சி போடும்போது இழையில் சிலிர்த்த பஞ்சு படிந்து அடங்குவதுபோல், நுண்களி மண்ணின் சந்துகளில் படிந்து அடங்க வேண்டும். குழித்தறி வைத்திருப்போர் ஐப்பசி மழையில் தறிக்குழியில் நீர் ஊறி அல்லற்படுவதும், மலையுழவர் குட்டையில் நீரின்றி அல்லற்படுவதும் ஒரே உண்மையின் இருபுறங்கள்: மண் வழியே நீர் ஓயாது நடந்துகொண்டிருக்கிறது.

இந்த மிதியின் அருமையை மேலை நாட்டாரும் கண்டறிந்தனர். இங்கிலாந்தில் 1761ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாயைக் கட்டிய ஜேம்ஸ் பிரிண்ட்லி, களிமண்ணை நீர் விட்டுப் பிசைந்து மிதித்துப் பூசியே கால்வாயின் கசிவைத் தடுத்தார். அக்கால்வாய் ஓரிடத்தில் இர்வெல் ஆற்றின்மேல் கற்பாலமாகவே சென்றது. படகு மிதக்குமளவு நீரை அப்பாலத்தின்மேல் தாங்கி நின்றதும் மிதித்த களிமண்ணே. அந்நாட்டுக் கால்வாய் வேலைகளில் களியை மிதிக்க மாடுகளை ஓட்டியதும் உண்டு. சசெக்சுப் பகுதியில் நீர் சிறிதும் தங்காத சுண்ணாம்புக் குன்றுகளின்மேல் ஆட்டு மந்தைகளுக்காக அமைத்த குட்டைகளும் இவ்வகையினவே. நம் உழவர் நாற்றங்காலில் செய்வதையே அவர்கள் குன்றின்மேல் செய்தனர்.

கசிவு எங்கே என்று முதலிற் காண்க

மருந்துக்கு முன் நோயை அறிதல் வேண்டும். நீர் குறைவதெல்லாம் கசிவன்று. வெயிலும் காற்றும் ஒரு பங்கைக் கொள்கின்றன. இதனைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒரு வாளியைக் குட்டைக்குள் கல்லின்மேல் நிறுத்தி, வெளிமட்டமும் உள்மட்டமும் ஒன்றாகுமாறு வாளியில் நீர் ஊற்றுக. இரு மட்டங்களையும் குறித்து, மழையில்லாத ஒரு நாள் முழுதும் விட்டு அளந்து பார்க்க. வாளியில் குறைந்தது ஆவியானது. குட்டையில் அதற்குமேல் குறைந்தது கசிந்தது. நம் உறுப்பினரின் குட்டையில் நாளொன்றுக்கு 4 அங்குலம் குறைந்ததென்றால், நிறைந்த மட்டத்தில் அது ஏறத்தாழ 4,900 லிட்டர். அவ்வீட்டுப் பெண்கள் தலையில் சுமக்கும் 15 லிட்டர்க் குடத்தால் அளந்தால் 300 குடத்துக்கும் மேல்.

அடுத்து, நீர் எம்மட்டத்துக்கு வந்ததும் இறங்குதல் தணிகிறது என்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் வந்து நின்றுவிடுமானால் ஓட்டை அம்மட்டத்துக்கு மேலேதான் எங்கோ இருக்கிறது. அடிவரை ஒரே சீராக இறங்குமானால் அடித்தளமே ஒழுகுகிறது. குட்டைக்குக் கீழ்ச்சரிவில் மாசி மாதத்திலும் புல் பசுமையாக நிற்கும் இடம் உண்டா என்று நோக்குக. கசிந்த நீர் அங்கே தன்னைக் காட்டிக் கொடுக்கும்.

கரையில் ஐயுறத்தக்கவை சில உண்டு. ஒன்று, நண்டு வளையும் எலி வளையும். இரண்டு, மரவேர். பலா, சில்வர் ஓக் முதலியவற்றின் வேர் கரையினூடே சென்று, பின் மட்கிப் போனால், அவ்வழி ஒரு குழாயாகிவிடும். மூன்று, புல்லையும் சருகையும் அகற்றாமல் அவற்றின்மேலேயே கொட்டிய கரைமண். புல் மட்கியதும் பழைய நிலத்துக்கும் புதிய கரைக்கும் இடையே ஒரு கீற்றுத் திறந்துகொள்ளும். நான்கு, நீர் போக்குக் குழாய் பதித்த இடம். குழாயைச் சுற்றி மண்ணை இறுக்காமல் விட்டால் நீர் குழாயின் வெளிப்புறத்தைப் பற்றியே ஓடிவிடும்.

செப்பனிட்ட முறை

மாசி பிறந்து குழி வறண்டதும் வேலை தொடங்கிற்று. உறுப்பினர் வீட்டாரும் அக்கம்பக்கத்தாருமாக 14 பேர், 2 இணை மாடுகள், 6 நாள்கள். கூலி கொடுக்கவில்லை, அவரவர் வேலைக்கு இவர்கள் ஆள் மாறிச் சென்று ஈடு செய்வதென்று பேச்சு.

முதற்கண், கூடுதலாகத் தோண்டிய 2 அடியையும் செம்மண்ணிட்டு, அரையடிக்கு ஒரு முறை நீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து நிரப்பினோம். செங்குத்தாக இருந்த பக்கங்களைச் செதுக்கி, 1 அடி இறக்கத்துக்கு 1½ அடி அகலம் என்னும் கணக்கில் சரிவாக்கினோம். செங்குத்துச் சுவரில் களிமண் பற்றி நில்லாது. மிதிக்கவும் கால் ஊன்றாது. சரிவில் ஆடோ குழந்தையோ தவறி வீழ்ந்தாலும் ஏறி வர இயலும். வேர்களைத் தேடி வெட்டி, வளைகளைத் தோண்டித் திறந்து, இடித்து அடைத்தோம்.

களிமண்ணுக்கு எங்கே போவது? அடிவாரத்து ஏரி வண்டலை 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏற்றிக் கொணர்வது நமக்குக் கட்டுபடியாகாது. உறுப்பினரின் பள்ளத்து வயலோரத்தில் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டுத் தோண்ட, சாம்பல் நிறக் களி கிடைத்தது. கறையான் புற்றுமண்ணும் சேர்த்துக்கொண்டோம். சுவர் பூசவும் குதிர் செய்யவும் நம் முன்னோர் அதனைப் பயன்படுத்தியது அதன் பிடிப்பை அறிந்தே. களியைச் சோதிக்கும் முறை இது: ஈரக் களியை எலுமிச்சையளவு உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட வேண்டும். சிதறாமலும் பெரிதாக வெடிக்காமலும் தட்டையாகப் படிந்தால் அது ஆகும்.

இவ்வளவுள்ள குட்டைக்கு 1 அடி கனத்தில் பரப்ப ஏறத்தாழ 600 கன அடி களி வேண்டும். அதனை ஒரே முறையாகக் கொட்டலாகாது. அரையடி பரப்பி, கட்டிகளை உடைத்து, நீர் தெளித்து ஊறவிட்டு, மாடுகளை வட்டமாக ஓட்டினோம். மூலைகளையும் சரிவுகளையும் மக்கள் வரிசையாக நின்று மிதித்தனர். குளம்படி ஆழப் பதிவது குறைந்து, மண் வெண்ணெய்போல் ஒன்றித்த பின்னரே இரண்டாம் அரையடி. அடித்தளமும் பக்கமும் சேரும் மூலையில் களி சற்று மிகுந்திருத்தல் நலம். ஏனெனில் கசிவு பெரும்பாலும் அம்மூலையில்தான் தொடங்குகிறது.

மிதித்த களியைக் காயவிடுதல் கூடாது. ஒரு நாள் வெயிலில் அது வெடித்தால் 6 நாள் உழைப்பும் வீண். அன்றன்றைய வேலையை ஈர வைக்கோலால் மூடினோம். முடிந்ததும் அரையடிச் சாதாரண மண்ணும், அதன்மேல் சரளையும் பரப்பினோம். கோடையில் நீர் குறையும்போது களிக்கு அதுவே போர்வை. குட்டையை அடியோடு வறளவிடாமல் சிறிது நீராவது வைத்திருப்பது எப்போதும் நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் முதல் மழையில் வடகிழக்கு மூலை ஒழுகிற்று. தோண்டிப் பார்த்தால், விரற்கனப் பலா வேர் ஒன்றை வெட்டாமல் விட்டிருந்தோம். அம்மூலையை மட்டும் திறந்து, வேரை அகற்றி, மறுபடி மிதித்தோம். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் அளந்தபோது, ஆவியாவதும் சேர்த்து நாளொன்றுக்குக் கால் அங்குலமே இறங்கிற்று. பங்குனியில் மிளகுக் கொடிகளுக்கு ஊற்றியது போக முழங்கால் அளவு நீர் எஞ்சியது.

நீர் வரும் வழியையும் மறத்தலாகாது. 500 சதுர அடிக் கூரையின்மேல் 1000 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 46,000 லிட்டர் நீர் விழுகிறது. இக்குட்டை கொள்வதோ ஏறத்தாழ 35,000 லிட்டர். ஆதலின் கூரை நீரும் முற்றத்து நீருமே போதும். அவை குட்டைக்குள் புகுமுன் ஒரு சிறு குழியில் தங்கி, மண்ணைப் படியவிட்டு வருதல் வேண்டும். மிகை நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கல் பாவிய கலிங்கும் ஒருபுறம் இன்றியமையாதது.

பிற வழிகள்

களி கிடைக்காத இடத்தில் என் செய்வது என்று கேட்பர். பென்டோனைட்டு என்னும் ஒருவகைக் களிமண் உண்டு. குஜராத்தின் கட்சுப் பகுதியிலும் இராசசுத்தானின் பாடுமேர்ப் பகுதியிலும் அது எடுக்கப்படுகிறது. சோடிய வகை பென்டோனைட்டு நீர் பட்டால் பன்மடங்கு பருத்துச் சந்துகளை அடைக்கும். மண்ணின் தன்மைக்கேற்பச் சதுர மீட்டருக்கு 5 முதல் 15 கிலோகிராம் வரை கலந்து இறுக்க வேண்டும். நாம் கூறிய குட்டைக்குச் சதுர மீட்டருக்கு 10 கிலோகிராம் என்று கொண்டாலும் அரை டன்னுக்கு மேல் ஆகும். விலையோடு ஏற்றுக்கூலியும் சேரும்.

தடித்த பாலிதீன் விரிப்பு இக்காலத்தில் பரவியிருக்கிறது. 500 மைக்ரான் கனமுள்ளது பண்ணைக் குட்டைகளில் இடப்படுகிறது. விரித்த அன்றே பயன் தரும். ஆனால் கூரிய கல்லும் ஆட்டுக் குளம்பும் அதனைக் கிழிக்கும். வெயில் பட்ட ஓரம் நாளடைவில் நைந்துபோகும். வேறொரு தீமையும் உண்டு: நனைந்த விரிப்பு வழுக்கும்; விழுந்த குழந்தை பற்றி ஏற ஒரு பிடியும் இராது. விரிப்பிட்ட குட்டைக்கு வேலியும், நான்கு பக்கமும் முடிச்சிட்ட கயிறும் கட்டாயம் வேண்டும்.

சாணமும் இலைதழையும் பரப்பி, மேலே மண்ணிட்டு மிதித்தால், காற்றுப் புகாத அவ்விடத்தில் அவை நொதித்து உண்டாகும் வழுவழுப்பு சந்துகளை அடைக்கும். நுண்மண்ணில் இது உதவும். சரளையிலும் பாறைப் பிளவிலும் உதவாது. சிமெண்டு பூசுவதோ, இறுகாத மண்ணின்மேல் செய்தால் ஓராண்டிலேயே வெடிப்பு விடும். எவ்வழியை மேற்கொண்டாலும் அடிமண்ணை இறுக்குவதிலிருந்து தப்ப இயலாது.

கீழ்வீட்டாரின் ஊற்று

வேலை நடக்கும்போது கீழ்ச்சரிவில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். “குட்டையை அடைத்துவிட்டால் என் ஊற்று என்ன ஆகும்?” என்றார். அனைவரும் வாயடைத்துப் போயினர். இரண்டு ஆண்டுகளாக மேலே ஒழுகிய நீரில் ஒரு பகுதி அவருடைய ஊற்றில் தலைகாட்டியிருந்தது. மேல்வீட்டார்க்கு நட்டமாக இருந்தது கீழ்வீட்டார்க்கு வரவாக இருந்ததை அதுவரை நாம் எண்ணிப் பார்த்திலோம்.

கசியும் குட்டை எல்லா இடத்தும் குறையுடையதன்று. நீரை நிலத்துக்குள் இறக்கவென்றே கசிவுநீர்க் குட்டைகள் வெட்டப்படுகின்றன. வீட்டுக்கு வேண்டிய நீரை வீட்டருகே நிறுத்துவதும், பொதுவுக்கு வேண்டிய நீரை மேட்டில் மண்ணுக்குள் இறக்குவதும் இரண்டும் தேவை. எந்தக் குழி எதற்கென்று பிரித்தறிவதே அறிவுடைமை.

ஆதலின் அப்பதினான்கு பேரும் 7ஆம் நாளும் கலைந்து போகவில்லை. பெரியவரின் ஊற்றுக்கு மேலே, சரிவுக்குக் குறுக்காக, மட்டம் பார்த்துச் சிறுசிறு குழிகளை வெட்டினர். அவற்றுக்குக் களியும் இடவில்லை, மிதியும் இல்லை. செம்மண் தன் இயல்புப்படி நீரைப் பருகட்டும் என்று விட்டுவிட்டனர். மறு கோடையிலும் பெரியவரின் ஊற்றில் நீர் இருந்தது. அவர் தம் மாடுகளை, அடுத்த வீட்டுக் குட்டை வேலைக்கு ஓட்டி வந்தார்.

ஒருவர் தனித்து நின்று 600 கன அடி களியை மிதித்தல் இயலாது. கூலிக்கு அமர்த்தினால் சிறு உழவர் தாங்கார். பல கால்கள் கூடி மிதித்தால் 6 நாளில் முடிகிறது. ஒரு வீட்டுக்கு இவ்வாண்டு, மறு வீட்டுக்கு அடுத்த ஆண்டு என்று முறை வைத்துக்கொண்டால், ஓர் ஊரின் புழக்கடைகள் எல்லாம் சில கோடைகளில் நீர் தாங்கும். வரும் மாசியில் குட்டையைச் செப்பனிடக் கருதும் உறுப்பினர்கள், மழை ஓய்ந்ததும் வாளியை வைத்துக் கசிவை அளந்து, அந்த அளவைச் சங்கக் கூட்டத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம். யார் குட்டைக்கு முதலில் செல்வது என்பதை அங்கேயே கூடி முடிவு செய்யலாம்.